பால் டின் எழுதுறதுக்கு முன்னாடி ஒருக்கா பக்கத்துல உக்காந்து பாருங்க

திருநெல்வேலி சீமையில பிரசவம் பாக்குற ஆஸ்பத்திரி டாக்டர்மாருக்கும், நிர்வாகம் பாக்குற அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துருதேன். பிள்ளை பெத்தவங்க படுத்திருக்க வார்டுல ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு நர்ஸ தாய்ப்பால் குடுக்க உதவி பண்றதுக்குன்னே போடுங்க, அவங்களுக்கு ஊசி, டிரிப்பு, பில்லு, டிஸ்சார்ஜ் ஃபைல்னு வேற எந்த வேலையும் வைக்காதீங்க. இன்னொண்ணு, அந்த நர்ஸ் பக்கத்துல உக்காந்து, பிள்ளை மார்ல வாய் வச்சதுல இருந்து விடுறது வரைக்கும் ஒரு தடவை முழுசா பாத்து கேஸ் ஷீட்டுல எழுதுன பெறகுதான் பால் பவுடருக்கு சீட்டு எழுதணும்னு ஒரு விதி வைங்க. நான் கேக்கது இந்த ரெண்டுதான்.

நான் பேறுகால வார்டுல ரொம்ப வருசம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ, அரசாங்கத்துலயும் பாத்திருக்கேன் தனியார்லயும் பாத்திருக்கேன். இப்ப வேலையில இல்ல, ஆனா சொந்தத்துல, தெருவுல யாருக்கு பேறுகாலம்னாலும் "அக்கா கூட வந்து இருங்க"ன்னு கூப்பிட்டுருதாங்க, அதனால இப்ப கட்டிலுக்கு கீழ பாய் விரிச்சு படுத்துக்கிட்டு அதே வார்ட அந்தப் பக்கத்துல இருந்து பாக்கேன். நர்ஸ் ஸ்டேஷன்ல இருந்து பாக்கும்போது தெரியாத பல சங்கதி பாயில படுத்தா தெரியுது.

நம்ம பக்கம் பிரசவம் எம்புட்டோ மாறிப்போச்சுங்க, அதுக்கு உங்கள மாதிரி டாக்டர்மாரு பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல, அத நான் மறுக்கல. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வே பிரகாரம் தமிழ்நாட்டுல 99.6 சதவீத பிரசவம் ஆஸ்பத்திரியிலதான் நடக்குது. ஆனா அதே சர்வேயில, பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் கிடைச்ச பிள்ளைங்க நூத்துக்கு 60தான். மிச்சம் 40 பிள்ளைங்க எங்க பொறந்துச்சு? காட்டுலயா பொறந்துச்சு, நம்ம ஆஸ்பத்திரியில நம்ம கையிலதான பொறந்துச்சு. வீட்டுல ஆச்சிமாரு சேனைன்னு தாய்ப்பாலுக்கு முன்னாடியே இனிப்ப நாக்குல தொட்டு வச்சிருதாங்க, சீனித்தண்ணி குடுத்துருதாங்கன்னு நாம காலங்காலமா அவங்க மேல பழியப் போட்டுட்டு இருந்தோம், இப்ப அந்த முதல் ஒரு மணி நேரம் ஆச்சி கையில இல்ல, நம்ம கையிலதான் இருக்கு.

சிசேரியன்னு சொல்லுவீங்க, சரிதான், அதே சர்வேயில தமிழ்நாட்டுல சிசேரியன் 44.9 சதவீதம். ஆனா பெரும்பாலும் முதுகுல ஊசி போட்டுத்தான செய்யுறோம், அவ முழிச்சுத்தான இருக்கா. பிள்ளை அழுத சத்தம் கேக்குது, எந்த நேரம்னு கேக்கா, ஆம்பளப்பிள்ளையா பொம்பளப்பிள்ளையான்னு கேக்கா. தாயும் பிள்ளையும் நல்லா இருந்தா தியேட்டர்லயே தையல் போடும்போதே பிள்ளைய நெஞ்சோட நெஞ்சா தோல் பட போட்டு மேல துணி போத்தலாம், ரெக்கவரிக்கு வந்ததும் மார்ல பிடிக்க வைக்கலாம். அதுக்கு கூட ஒரு ஆளு நின்னு பிள்ளைய பிடிச்சுக்கணும், அம்புட்டுதான். ஆனா நடக்குறது என்ன, ஒரு செகண்ட் மூஞ்சிய காட்டிட்டு பிள்ளைய தனியா கொண்டுபோய் சூடு குடுக்குற வார்மர்ல வச்சிருதோம், வெளிய சொந்தக்காரங்க போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டு மாமா மச்சான் எல்லாரும் பாத்து முடிச்ச பெறகுதான் பெத்தவ கைக்கு பிள்ளை வருது, அதுக்குள்ள அது முழிப்பா இருந்து தேடுற நேரம் போயி அசந்து தூங்கிருது.

சரி இது முதல் மணி நேரம். எனக்கு அதவிட பெரிய மனவருத்தம் ரெண்டாவது ராத்திரிதான்.

முதல் நாள் பிள்ளை பெரும்பாலும் தூங்கும். ரெண்டாவது நாள் ராத்திரி ஆனதும் அழ ஆரம்பிக்கும் பாருங்க, விடாம அழுவும், மார்ல போட்டா கொஞ்ச நேரம் குடிக்கும், எடுத்தா அழுவும், திரும்ப போடணும். இது ஒண்ணும் சீக்கு இல்ல, அப்பிடி அடிக்கடி சப்பி சப்பித்தான் பால் சுரப்ப அது கூட்டிக்கும். நல்லா பால் ஊறி வர ரெண்டுல இருந்து நாலு நாள் ஆகும், சிசேரியன்னா இன்னுங்கொஞ்சம் பிந்தலாம், அது வரைக்கும் சீம்பால் ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் வந்தாலே அந்தப் பிள்ளைக்கு தாராளம். இத யாராவது பெத்தவகிட்டயும் கூட இருக்க ஆச்சிகிட்டயும் முந்தின சாயங்காலமே சொல்லிருந்தா அந்த ராத்திரி வேற மாதிரி இருக்கும். சொல்ல ஆளு கிடையாது. அதனால என்ன ஆகுதுன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு "பிள்ளைக்கு வயிறு காயுது, இவளுக்கு பால் இல்ல"ன்னு ஒரு குரல் வருது, ஆச்சியா இருக்கும், மாமியாரா இருக்கும், பக்கத்து கட்டில் பொம்பளையா இருக்கும், எல்லாரும் பாசத்துலதான் சொல்லுதாங்க, ஆனா அந்த வார்த்தைய கேட்ட நிமிசத்துல இருந்து அந்தப் பொண்ணு தனக்கு பால் இல்லன்னு நம்ப ஆரம்பிச்சுருதா.

ஒரு ஆஸ்பத்திரியில நடந்தத சொல்லுதேன், பேரு வேண்டாம். முக்கூடல் பக்கத்து பிள்ளை, தலைப்பேறு, சிசேரியன், ரெண்டாவது ராத்திரி. நான் பக்கத்து கட்டில்ல எங்க சொந்தக்கார பிள்ளைக்கு துணைக்கு இருந்தேன். அந்தப் பச்சப்புள்ள கத்துன கத்துல வார்டே முழிச்சிருச்சு. டியூட்டியில இருந்தது ஒரே ஒரு நர்ஸ், மொத்த மாடிக்கும் அவதான், ஓடி வந்தா, "டாக்டர் எழுதி வச்சிருக்காங்க, கீழ மெடிக்கல்ல டின் வாங்கி பாலாடையில குடுங்க"ன்னு சொல்லிட்டு திரும்ப ஓடிட்டா, அங்க ஒருத்திக்கு பிளீடிங். அவளச் சொல்லி குத்தமே இல்ல, அவளுக்கு ரெண்டு கைதான. அந்தப் பிள்ளையோட வீட்டுக்காரரு கீழ போக செருப்ப தேடிட்டு இருந்தாரு. நான் ஆச்சிகிட்ட "ஒரு நிமிசம் பாக்கட்டுமா"ன்னு கேட்டுட்டு போய் பாத்தா, அவ மல்லாக்க படுத்தபடி, வயித்துத் தையல் இழுக்குமோன்னு பயந்து அசையாம, கழுத்த மட்டும் தூக்கிக்கிட்டு பிள்ளைக்கு காம்பு நுனிய மட்டும் வாயில வச்சிருக்கா, மேல சேலைய போட்டு மூடிருக்கா, ஏன்னா ரெண்டு கட்டில் தள்ளி யாரோ ஒரு ஆம்பள தரையில படுத்திருக்காரு. பிள்ளை தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அதுக்கு எப்பிடி பால் வரும்.

கட்டில் தலமாட்ட ஏத்தி, முதுகுக்கு தலகாணி குடுத்து, பெட்ஷீட்ட மடிச்சு இடுப்புப் பக்கம் உசரம் வச்சு, பிள்ளைய அவ கக்கத்துல இடுக்குன மாதிரி கால் பின்னாடி போற படி படுக்க வச்சோம், அப்ப தையல் மேல பாரமே விழாது. காம்ப பிள்ளை மேல் உதட்டுல லேசா தடவிட்டு காத்திருந்தோம், அவசரப்படல, கொட்டாவி விடுற அளவுக்கு வாய திறந்ததும் பிள்ளைய மார்கிட்ட கொண்டு வந்தோம், மார பிள்ளைகிட்ட கொண்டு போகல. தாவாக்கட்டை மார்ல அழுந்தணும், கீழ் உதடு வெளிய மடங்கி இருக்கணும், காம்பு மட்டும் இல்லாம அத சுத்தியுள்ள கருப்பும் கூடி வாய்க்குள்ள போகணும். முதல்ல வேகவேகமா சப்புச்சு, அப்புறம் மெதுவா ஆழமா இழுத்து, நிறுத்தி, முழுங்குச்சு. முழுங்குற சத்தம் ஆச்சிக்கு கேட்டுச்சு, "குடிக்குதுட்டி"ன்னு சொல்லி மகள் தலைய தடவுனாங்க. அன்னைக்கு டின் வாங்கல. இதுல பெரிய வித்தை எதுவும் இல்ல சார், முக்கா மணி நேரம் ஒரு ஆளு பொறுமையா இருந்ததுதான். அந்த முக்கா மணி நேரம் உங்க வார்டுல யாருகிட்டயும் இல்லங்கறதுதான் என் வழக்கு.

பால் சுரக்கிறதுக்கு சாப்பாடு மட்டும் போதாது, உங்களுக்கு தெரியாததா. பிள்ளை சப்பும்போது மூளையில இருந்து ஊறுற ஆக்சிடோசின்தான் பால வெளிய தள்ளுது. வலி, பயம், வெக்கம், பதட்டம் இருந்தா அது தடைபடும், பால் உள்ள இருந்தாலும் இறங்காது. அப்ப வலி மாத்திரைய நேரத்துக்கு குடுக்கறதும் தாய்ப்பால் வேலைதான். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எல்லாம் பால் குடுக்குறவங்க எடுக்கலாம், ஆனா பிள்ளைக்கு ஆகாதுன்னு பயந்து பல்ல கடிச்சுக்கிட்டு கிடக்குற பிள்ளைங்கள நான் நிறைய பாத்துட்டேன். கட்டிலுக்கு கட்டில் ஒரு திரை போடுறதும் தாய்ப்பால் வேலைதான். பிள்ளை பாக்க வாரவங்க கூட்டம் கூட்டமா வந்து நிக்கும்போது அவ சுவத்த பாத்து திரும்பிக்கிட்டு சேலைக்குள்ள பிள்ளைய மூடிக்கிட்டா, வாய் சரியா பிடிச்சிருக்கான்னு அவளுக்கே தெரியாது.

ஒரு டின் குடுத்தா என்ன ஆயிரும்னு நீங்க கேக்கலாம். கேட்டிருக்காங்க, என்கிட்டயே ஒரு டாக்டர் கேட்டாரு. ஆத்து மணல்ல தோண்டுன ஊத்து மாதிரிதான், இறைக்க இறைக்கத்தான் ஊறும். டின் பால் குடிச்ச பிள்ளை வயிறு நெறஞ்சு மணிக்கணக்கா தூங்கும், அந்த நேரம் மார்ல சப்பாது, சப்பாதனால சுரப்பு குறையும், குறையவும் அடுத்த தடவை உண்மையிலயே பால் பத்தாது, அப்ப இன்னொரு டின். மூணாம் நாள் பால் கட்டி மார்பு கல்லு மாதிரி வீங்கி காச்சல் அடிக்கும், பிள்ளையால கவ்வ முடியாது, காம்பு வெடிக்கும். வீட்டுக்கு போனா அந்த டின் சீக்கிரம் தீந்துரக்கூடாதுன்னு தண்ணிய கூட்டி கலக்குதாங்க, பாட்டில சரியா கொதிக்க வைக்கிறதில்ல, பெறகு வயித்தாலன்னு அதே பிள்ளைய தூக்கிட்டு உங்ககிட்டயே ஓடி வாராங்க.

பால் பவுடரே கூடாதுன்னு நான் சொல்ல வரல, தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளைக்கு சுகர் இறங்கிருக்கு, எடை பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சுபோச்சு, தாய் ஐசியூவுல கிடக்கா, இந்த மாதிரி நேரத்துல முதல்ல பீச்சி எடுத்த பால், அது இல்லன்னா பால் பவுடர், அத டாக்டர் எழுதித்தான் ஆகணும். எம்புட்டு உதவி பண்ணியும் சிலருக்கு பால் பத்தாமலும் போகும், அவங்கள யாரும் குத்தவாளி மாதிரி பாக்கக்கூடாது, பாத்தா நானே சண்டைக்கு வருவேன். நான் சொல்லுறது பிள்ளைய பாக்காமலே, பொறந்த அன்னைக்கே, வழக்கம்போல எழுதி வைக்கிற சீட்ட. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1991லயே இதுக்குன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, பத்து படின்னு சொல்லுவோம்ல, டாக்டர் காரணத்தோட சொன்னாலொழிய வேற பாலோ தண்ணியோ குடுக்கக்கூடாதுங்கறது அதுல ஒரு படி. நம்ம நாட்டுலயும் 1992ல பால் பவுடர் விளம்பரத்துக்கு தடை போட்டு சட்டம் வந்துச்சு, 2003ல இன்னும் இறுக்குனாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள கம்பெனி போஸ்டர் இருக்கக்கூடாது, பெத்தவங்களுக்கு இலவச சாம்பிள் குடுக்கக்கூடாது, டாக்டர் நர்ஸுக்கு பரிசு, கான்ஃபரன்ஸ் செலவுன்னு எதுவும் குடுக்கக்கூடாது. உங்க ரிசப்ஷன்ல, பிள்ளை டாக்டர் ரூம்ல, தொங்குற காலண்டர்ல ஒருக்கா கண்ண ஓட்டி பாத்துக்கோங்க.

அப்புறம் டிஸ்சார்ஜ். பில் கட்டுறதுக்கு ஒரு மணி நேரம் ஆகுது, பிள்ளைய எப்பிடி பாக்கணும்னு சொல்லுறதுக்கு ரெண்டு நிமிசம்கூட இல்ல. ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல அச்சடிச்சு குடுத்தாலே போதும், அதவிட அந்த நர்ஸ் உக்காந்து ஆச்சிக்கும் சேத்து சொன்னா ரொம்ப நல்லது, ஏன்னா வீட்டுல தீர்ப்பு சொல்லுறது ஆச்சிதான். ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை பால் குடுக்கணும், அஞ்சாம் நாள்ல இருந்து ஆறு தடவைக்கு குறையாம மூத்திரம் போனா பால் பத்துதுன்னு அர்த்தம், கருப்பா போன மலம் நாலஞ்சு நாள்ல மஞ்சளா மாறும், பொறந்த எடை முதல்ல கொஞ்சம் குறைஞ்சு ரெண்டு வாரத்துக்குள்ள திரும்ப வந்துரும். இம்புட்டு தெரிஞ்சா "பால் பத்தல"ங்கற பேச்சுக்கு வீட்டுல ஒரு அளவுகோல் கிடைக்கும். தேன் தொட்டு வைக்காதீங்க, ஒரு வயசு வரைக்கும் தேன் கூடாது. தொப்புள்ள சாம்பலு, எண்ணெய், மஞ்சள்னு எதுவும் வைக்காம காய விடுங்க. தையல் சீழ் பிடிக்கும்னு சொல்லி பெத்தவளுக்கு தண்ணி குடுக்காம வைக்காதீங்க, அவளுக்கு தாகம் எடுக்க எடுக்க குடுங்க. பிள்ளை பால் குடிக்காம சோந்து கிடந்தாலோ, நெஞ்சு குழி விழுந்து மூச்சு வாங்குனாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் ஏறுனாலோ, உடம்பு சுட்டாலோ சில்லுன்னு ஆனாலோ, வெட்டு, அதான் வலிப்பு, வந்தாலோ விடியட்டும்னு இருக்காதீங்க. பெத்தவளுக்கு ரத்தப்போக்கு அதிகமானாலோ, மண்டைய பிளக்குற தலைவலியும் கண்ணு மங்கலும் வந்தாலோ அதே மாதிரி உடனே தூக்கிட்டு வாங்க. ரெண்டு வாரம் தாண்டியும் ஓயாம அழுதுக்கிட்டு, பிள்ளைய பாக்கப் பிடிக்கலன்னு சொன்னா அது திமிரு இல்ல, அதுக்கும் வைத்தியம் இருக்கு. இத எல்லாம் ஆச்சி முகத்த பாத்து மரியாதையா சொன்னா கேப்பாங்க, அவங்க பூண்டும் கருப்பட்டியும் பால் சுறா புட்டும் செஞ்சு குடுக்கிறத நாம நல்லதுன்னு சொல்லிட்டு ஆரம்பிச்சா இன்னும் நல்லா கேப்பாங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு விசயம் இருக்கு, அத எந்த டிஸ்சார்ஜ் சீட்டுலயும் நான் பாத்ததில்ல. முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், மேலப்பாளையம்னு உங்ககிட்ட வாரதுல எத்தன பேரு பீடி சுத்துற பிள்ளைங்க. பச்ச உடம்போட திரும்ப பீடித்தட்ட மடியில வச்சுருதாங்க, வேற வழியில்ல, கடைக்கு கணக்கு குடுத்தாகணும். தட்டு மடியில, பிள்ளை பக்கத்துல தொட்டில்ல, அழுதா அதே கையோட தூக்கி அதே சேலையோட பால் குடுக்காங்க. புகையிலைத்தூள்ல உள்ள நிக்கோட்டின் தோல் வழியா, மூச்சு வழியா உடம்புல ஏறும், பால்லயும் கலக்கும். அதுக்காக பால நிறுத்த சொல்லிராதீங்க, தாய்ப்பாலுக்கு ஈடு வேற கிடையாது. எம்புட்டு நாள் தள்ளிப்போட முடியுமோ அம்புட்டு நாள் தள்ளிப்போட சொல்லுங்க, தொடங்குனா தொட்டில வேற ரூமுக்கோ காத்தோட்டமான திண்ணைக்கோ மாத்த சொல்லுங்க, பிள்ளைய தூக்குமுன்ன முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு கழுவிட்டு மேல ஒரு சுத்தமான துணி மாத்திக்கிட சொல்லுங்க. என்ன வேலை பாக்கன்னு அவகிட்ட கேட்டாத்தான இத சொல்ல முடியும். கேஸ் ஷீட்டுல அந்த கட்டத்துல எல்லாருக்கும் "ஹவுஸ் ஒய்ஃப்"னு எழுதிட்டு போயிருதோம்.

ஆள் இல்ல, சம்பளம் குடுக்க கட்டாதுன்னு சொல்லுவீங்கன்னு தெரியும். புதுசா ஸ்பெஷலிஸ்ட் யாரும் வேண்டாங்க, இருக்குற நர்ஸ்ல பொறுமையும் கைப்பக்குவமும் உள்ளவங்கள எடுத்து பயிற்சி குடுங்க. இதுக்குன்னு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் போட்ட பாடம் 20 மணி நேரம்தான், மூணு நாள் வேலை. மத்திய அரசும் 2016ல தாய்ப்பாலுக்குன்னு தனி திட்டம் ஆரம்பிச்சு நர்ஸ்மாருக்கு பயிற்சிய அதுல சேத்திருக்கு, மாவட்ட சுகாதார ஆபீஸ்ல போய் கேளுங்க. பிரசவத்துக்கு பாக்கேஜ்னு ஒரு தொகை வாங்குதீங்க, அதுல ஏசி ரூம், கேக்கு, போட்டோ பிரேம் வரைக்கும் இருக்கு, இந்த நர்ஸோட சம்பளத்தையும் அதுக்குள்ள கொண்டு வாங்க. அரசாங்க ஆஸ்பத்திரி பொறுப்புல உள்ளவங்களுக்கு கூட்டம் ஜாஸ்தி, நர்ஸ் கம்மி, அந்த கஷ்டம் எனக்கு நல்லாவே தெரியும், நான் அனுபவிச்சது. அங்க வார்டுக்கு ஒரு ஆளுன்னு தனி போஸ்ட் கேட்டு எழுதுங்க, நீங்க எழுதுனாத்தான் மேல இருக்கவங்களுக்கு தெரியும், பிரசவ எண்ணிக்கைக்கு மட்டும் ஆள் கணக்கு போடுதாங்க, பிரசவத்துக்கு பெறகு உள்ள மூணு நாளுக்கு கணக்கே போடல.

மூணு ஷிஃப்டுக்கும் ஒண்ணா போட முடியலன்னா நைட் ஷிஃப்ட்ல ஆரம்பிங்க, டின் வாங்குறது அப்பத்தான். ஒரு மாசம் போட்டு பாத்துட்டு, டிஸ்சார்ஜ் ஆகும்போது வெறும் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைங்க எத்தன பேருன்னு முந்தின மாசத்தோட கூட்டி கழிச்சு பாருங்க. பயிற்சி குடுக்க ஆள் வேணும்னா சொல்லி விடுங்க, என்னை மாதிரி வேலைய விட்ட நர்ஸ்மாரு பாளையங்கோட்டையிலயும் பேட்டையிலயும் அம்பாசமுத்திரத்துலயும் நிறைய பேரு வீட்டுல இருக்கோம், பஸ் காசு கூட வேண்டாம், வந்து சொல்லித் தாரோம்.

இப்படிக்கு,
பேறுகால வார்டுல வேலை பாத்த ஒரு நர்ஸ்,
பாளையங்கோட்டை